ஏற்காட்டில் தடுப்புச் சுவர் கட்டப் போகிறீர்களா? அஸ்திவாரம் தோண்டும் முன் இதைப் படியுங்கள்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைப் புரட்டிப் போட்டது. மலைப்பாதையில் மண் சரிந்து வாகனங்கள் நிறுத்தப்பட்டன. நாகலூர் பக்கம் எங்களுக்கு இருக்கும் சிறு காப்பித் தோட்டத்தில், வீட்டுக்குக் கீழே சரிவு மண்ணைத் தாங்கக் கட்டியிருந்த அறுபதடித் தடுப்புச் சுவரும் அந்த மழையில்தான் விழுந்தது. கட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. விழுவதற்கு ஒரு மாதம் முன்பே கீழ்த் தோட்டத்து அம்மா என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, உங்கள் சுவர் வயிறு தள்ளியிருக்கிறது, வந்து பார்" என்றார். போய்ப் பார்த்தேன். லேசான புடைப்புதானே என்று திரும்பி வந்துவிட்டேன். சுவர் சரிந்தபோது அவருடைய கோழிக்கூடும் பதினான்கு காப்பிச் செடிகளும் மண்ணுக்குள் போயின. நல்லவேளையாக அங்கே ஆள் யாரும் இல்லை.

முதல் சுவருக்கு மூன்று லட்சத்துக்கு மேல் செலவழித்திருந்தேன். இடிபாட்டை அள்ளவும் கீழ்த் தோட்டத்தைச் சரிசெய்து கொடுக்கவும் இன்னும் ஏறக்குறைய ஒரு லட்சம் ஆனது. பிறகு ஒரு வருடம் அலைந்து, விசாரித்து, பொறியாளர் ஒருவரை வைத்து இரண்டாவது சுவரைக் கட்டினேன். நான் கட்டுமானத் தொழில் படித்தவள் அல்ல. சேலம் அஸ்தம்பட்டியில் வங்கி வேலை பார்க்கிறவள். அந்த ஒரு வருடத்தில் கற்றதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். ஏற்காட்டில் இப்போது இடம் வாங்கி வீடு கட்ட வருகிறவர்களில் பலர் சமதளத்துப் பழக்கத்தில் சுவரை மேஸ்திரியின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் விட்டேன்.

1. முதலில் மழையில் போய் நின்று பாருங்கள்

இடத்தைப் பார்க்க எல்லோரும் வெயில் நாளில்தான் போகிறோம். தடுப்புச் சுவருக்கு அது போதாது. நல்ல மழை பெய்யும் நாளில் குடையோடு போய் அரைமணி நேரம் நில்லுங்கள். மேலே இருந்து தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது என்று கவனியுங்கள். மழை நின்று இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை போங்கள். சரிவின் நடுவில் எங்காவது இன்னும் ஈரம் கசிந்தால் அங்கே நிலத்தடி ஊற்று இருக்கிறது. அந்த இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, ஒரு கழியை நட்டு வைத்துவிடுங்கள். பின்னால் பொறியாளருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் கிடையாது.

கவனிக்க வேண்டியவை இன்னும் மூன்று உண்டு. சில்வர் ஓக் மரங்கள் அடியில் வளைந்து, பிறகு நேராக நிமிர்ந்து வளர்ந்திருந்தால் அந்த மண் மெல்ல நகர்கிறது என்று சந்தேகப்படுங்கள். சரிவின் மேல்விளிம்புக்கு இணையாக நீளவாக்கில் வெடிப்பு ஓடினால் அதுவும் அப்படித்தான். பழைய ஓடையை மண் கொட்டி மேடாக்கிய இடமா என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். தோட்டத்திலேயே ஆயுளைக் கழித்தவர்களுக்கு எந்த மழைக்கு எந்த மேடு இறங்கியது என்பது நினைவிருக்கும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் நிலவியல் தெரிந்த ஒருவர் பார்க்காமல் அங்கே கைவைக்காதீர்கள். சரிவு முழுவதுமே நகரும் இடத்தில் எவ்வளவு நல்ல சுவரும் மண்ணோடு சேர்ந்து இறங்கிவிடும்.

2. ஆவணங்கள், அனுமதிகள்

கையில் இருக்க வேண்டியவை: பட்டா, சிட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், புலப்பட வரைபடம். பட்டாவையும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் எடுக்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத் துறையின் தளத்தில் கிடைக்கும். காகிதம் இருப்பது மட்டும் போதாது. சர்வேயரை வரவழைத்து எல்லைக்கல்லைக் காட்டச் சொல்லுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் தேதி கிடைக்கும். எனக்கு ஐந்து வாரம் ஆனது. இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், சுவர் கண்ணுக்குத் தெரியும் அகலத்தைவிட அதன் அடித்தளம் முன்னால் நீண்டிருக்கும். சுவரை எல்லையிலேயே நிறுத்தினால் அடித்தளம் பக்கத்து நிலத்துக்குள் போய்விடும். என் முதல் சுவரின் அடிக்கல் ஓரிடத்தில் ஒன்றேகால் அடி கீழ்த் தோட்டத்துக்குள் இருந்தது. அது சுவர் விழுந்து அளந்த பிறகே தெரியவந்தது.

ஏற்காடு, மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும் பகுதி. சேலத்தில் மனை வாங்கிக் கட்டுவதுபோல் ஊராட்சியில் மட்டும் கையெழுத்து வாங்கி இங்கே வேலை தொடங்க முடியாது. நகர் ஊரமைப்புத் துறையிடம் விண்ணப்பம் போகும். இடத்தைப் பொறுத்து வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண்மைப் பொறியியல் துறை, வருவாய்த் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். இதில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். வீட்டுக்கு அனுமதி வாங்கும் வரைபடத்தில் நான் சுவரைக் காட்டவில்லை, "அது சும்மா ஒரு சுவர்தானே" என்று விட்டுவிட்டேன். பிறகு தனியாக விளக்கம் கொடுத்து அலைய வேண்டியதாயிற்று. வீட்டு வரைபடத்திலேயே தடுப்புச் சுவரை அதன் உயரம், குறுக்குவெட்டு, வடிகால் போகும் வழி ஆகியவற்றோடு காட்டிவிடுங்கள். ஒரே முறையில் முடியும்.

மரம் வெட்ட வேண்டியிருந்தால் தனி அனுமதி தேவை. 1955-ஆம் ஆண்டின் மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்த நிலத்து மரம் என்பதால் விலக்கு கிடைக்காது. தோண்டும் மண்ணை இடத்தைவிட்டு வெளியே கொண்டுபோக கனிமவளத் துறையின் அனுமதிச்சீட்டு வேண்டும். சீட்டு இல்லாத மண் லாரி வழியில் நிறுத்தப்பட்டால் வேலை அன்றைக்கே நின்றுவிடும். மண்ணை உங்கள் நிலத்துக்குள்ளேயே பரப்ப வழி இருந்தால் அதுதான் நிம்மதி. ஆனால் சரிவின் விளிம்பில் மட்டும் குவிக்காதீர்கள். ஜேசிபியை வரவழைக்கும் முன் தாலுகா அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் இடம் நெடுஞ்சாலைத் துறையின் சாலையை ஒட்டி இருந்தால் அவர்களுடைய எல்லையையும் அளந்தாக வேண்டும்.

எல்லாம் சேர்த்து எனக்கு நான்கு மாதம் ஆனது. அதனால் ஜனவரியில் வேலை தொடங்க நினைப்பவர்கள் ஆகஸ்டிலேயே காகித வேலையை ஆரம்பியுங்கள்.

3. மண் பரிசோதனை, குண்டுக்கல் ஏமாற்று

சேர்வராயன் மலையின் அடிப்படைப் பாறை சார்னோகைட் என்ற கருங்கல். மேல்மட்டங்களில் செம்பூரான் மண்ணும் பாக்சைட்டும் படிந்திருக்கின்றன. இந்தக் கருங்கல் ஒரே சீராக மட்குவதில்லை. வெங்காயம் உரிவதுபோல் சுற்றிலும் உரிந்து, நடுவில் கெட்டியான உருண்டைகளை விட்டுவிடுகிறது. அந்த உருண்டைகள் செம்மண்ணுக்குள் அங்கங்கே கிடக்கும். சிலது கால்பந்து அளவு, சிலது கார் அளவு.

ஏமாற்று இங்கேதான் வருகிறது. அஸ்திவாரம் தோண்டும்போது நான்கடியில் கடப்பாரை "ணங்" என்று பாறையில் மோதும். "பாறை வந்துவிட்டது, இனி யானை ஏறினாலும் அசையாது" என்று மேஸ்திரி சொல்வார். என் முதல் சுவரில் அதே சொல்லைக் கேட்டுத் தலையாட்டினேன். சுவர் விழுந்த பிறகு பார்த்தால், அந்தப் "பாறை" எட்டடி நீளமுள்ள ஓர் உருண்டை. அதற்குக் கீழே விரலால் பிசையக்கூடிய ஈரமண். சுவரின் ஒரு பகுதி கல்மேலும் மறுபகுதி மண்மேலும் உட்கார்ந்திருந்தது. மண்மேல் இருந்த பகுதி இறங்கியது, கல்மேல் இருந்தது இறங்கவில்லை, நடுவில் பிளந்துகொண்டது.

ஆகவே சுவரின் நீளத்தில் குறைந்தது மூன்று இடங்களில் சோதனைக் குழி எடுங்கள். பாறை தட்டுப்பட்டால் அதன் இரு பக்கமும் அடியிலும் தோண்டி, தாய்ப்பாறைதானா என்று உறுதிசெய்யுங்கள். மண்ணின் தாங்குதிறன், உராய்வுக் கோணம், களிமண் அளவு ஆகியவற்றைச் சோதிக்க சேலத்தில் ஆய்வகங்கள் இருக்கின்றன. பொறியியல் கல்லூரிகளின் கட்டுமானத் துறையிலும் கேட்டுப் பாருங்கள். மாதிரி எடுத்ததிலிருந்து அறிக்கை வரை எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. மண் பரிசோதனைக்கும் பொறியாளரின் வடிவமைப்புக்கும் சேர்த்து 38,000 ரூபாய் கொடுத்தேன். முதல் சுவருக்கு இந்தப் பணத்தை மிச்சம் பிடித்திருந்தேன்.

4. எந்த வகைச் சுவர்?

நான்கு அடி, ஐந்து அடி உயரத்துக்குக் கலவையில்லாமல் அடுக்கிய கருங்கல் சுவரே போதும். பழைய காப்பித் தோட்டங்களில் படிப்படியாக இருக்கும் கல்கட்டுகளைப் பாருங்கள். கல் இடுக்குகளின் வழியே தண்ணீர் தானாக வடிந்துவிடும் என்பதால்தான் அவை இத்தனை காலம் நிற்கின்றன. ஆனால் அதற்குக் கல் அடுக்கத் தெரிந்த கை வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஐந்திலிருந்து பத்து அடி வரை சிமெண்ட் கலவையில் கட்டிய கருங்கல் சுவர் ஏற்காட்டுக்கு நல்ல தேர்வு. தன் எடையாலேயே மண்ணைத் தாங்கும். கம்பி வலைப் பெட்டிக்குள் கல் நிரப்பும் கேபியன் சுவரும் நல்லதுதான். மண் சற்று அசைந்தாலும் வளைந்து கொடுக்கும், தண்ணீரையும் தேக்காது. தோற்றம் பிடிக்காமல் பலர் ஒதுக்குகிறார்கள். ஊற்று உள்ள இடத்தில் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பத்தடியைத் தாண்டினால் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர். இதைப் பொறியாளரின் வரைபடம் இல்லாமல் நினைத்தே பார்க்காதீர்கள். மலைப் பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்றே ஐஎஸ் 14458 என்ற இந்தியத் தர விதி மூன்று பகுதிகளாக இருக்கிறது. பொறியாளரிடம் பேசும்போது அதன்படி செய்கிறாரா என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே அவருக்கு மலை வேலை பழக்கமா என்பது தெரிந்துவிடும்.

ஹாலோ பிளாக், செங்கல், நாலரை அங்குலச் சுவருக்குத் தூண் வைத்துக் கட்டுவது, இவையெல்லாம் மதில் கட்டும் முறைகள். இவற்றால் மண்ணைத் தாங்க முடியாது. எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இடம் இருந்தால் பத்தடிச் சுவர் ஒன்றுக்குப் பதில் ஐந்தடிச் சுவர் இரண்டு கட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே கீழ்ச்சுவரின் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது இடைவெளி விடுங்கள். நெருக்கமாக வைத்தால் மேல்சுவரின் பாரம் கீழ்ச்சுவரின் முதுகில் ஏறும்.

5. கணக்கு: உயரமும் தண்ணீரும் செய்யும் வேலை

கணக்கு முழுவதும் பொறியாளரின் வேலை. ஆனாலும் சில எண்கள் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் "ஒன்றரையடி கனம் தாராளம்" என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது.

வடிகால் நன்றாக உள்ள சாதாரண மண்ணுக்கு, இரண்டு மீட்டர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மண் சுமார் 1.2 டன் விசையோடு தள்ளுகிறது. உயரம் மூன்று மீட்டரானால் அது 2.7 டன். உயரம் ஒன்றரை மடங்குதான் கூடியது, தள்ளும் விசையோ இரண்டேகால் மடங்கு. சுவரைக் கவிழ்க்கும் வலு மூன்று மடங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. இனித் தண்ணீரைச் சேர்த்துப் பாருங்கள். அதே மூன்று மீட்டர்ச் சுவரின் பின்னால் மேல்வரை தண்ணீர் தேங்கினால் தள்ளும் விசை ஆறு டன்னை நெருங்குகிறது, அதாவது இரண்டு மடங்குக்கு மேல். மழையில் சுவர் விழுவதற்கு இதுதான் காரணம்.

சுவருக்கு மேலே நிலம் சமமாக இல்லாமல் இருபது பாகை சாய்ந்திருந்தால் மண் தள்ளுவது ஏறக்குறைய கால்பங்கு கூடும். மேலே கார் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று மீட்டர்ச் சுவருக்கு அதற்காக மட்டும் இன்னொரு டன் கணக்கில் சேர்ப்பார்கள். பலர் சுவர் கட்டி முடித்த பிறகு மேலே தண்ணீர்த்தொட்டி வைக்கிறார்கள். அது கணக்கில் இல்லாத பாரம்.

பொறியாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சுவர் கவிழாமல் இருக்க எத்தனை மடங்கு பாதுகாப்பு? (வழக்கம் இரண்டு.) வழுக்காமல் இருக்க எத்தனை? (ஒன்றரை.) அடிமண்ணின் மீது விழும் அழுத்தம் மண் அறிக்கையில் உள்ள தாங்குதிறனுக்குள் இருக்கிறதா? இந்த மூன்றும் எழுதிய தாளை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

பொதுவாகச் சுவரின் அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையாமல், 0.7 பங்கு வரை வரும். என் இரண்டாவது சுவர் தரைக்கு மேல் எட்டடி. மேல் அகலம் இரண்டடி, தரைமட்டத்தில் ஐந்தடி, அஸ்திவாரம் ஆறடி அகலம், மூன்றடி ஆழம். விழுந்த சுவர் மேலிருந்து கீழ்வரை ஒன்றரையடி.

6. செலவு

அறுபதடி நீளத்துக்கு மேலே சொன்ன அளவில் 2,760 கன அடிக் கல்கட்டு வருகிறது. சுமார் 33 யூனிட் கல் (ஒரு யூனிட் நூறு கன அடி), 10 யூனிட் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்), கட்டுக்கு மட்டும் 165 மூட்டை சிமெண்ட். எனக்கு ஆன செலவு இது:

கல், மலையேற்றும் வாடகையோடு: 1,50,000
எம்-சாண்ட்: 75,000
சிமெண்ட், அடிக் கான்கிரீட்டுக்கும் சேர்த்து: 74,000
கூலி: 1,90,000
தோண்டுதல், மண் அப்புறப்படுத்துதல்: 50,000
வடிகால் ஜல்லி, குழாய், வடிதுணி: 45,000
மண் பரிசோதனை, வடிவமைப்பு: 38,000

மொத்தம் 6,22,000 ரூபாய். உங்களுக்கு இதே தொகை வராது; விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. பங்குகளை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களிடம் வரும் மதிப்பீட்டில் வடிகால் என்ற வரியே இல்லையென்றால் அந்த மதிப்பீட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

பொருளைச் சேலத்து விலையில் கணக்குப் போடாதீர்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வர வேண்டும். பெரிய லாரிகள் திரும்ப முடியாது என்பதால் நடைகள் கூடும். சனி, ஞாயிறுகளிலும் மே மாதக் கோடை விழாச் சமயத்திலும் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே மணல் லாரி மாட்டிக்கொள்ளும். திங்கள் முதல் வியாழன் வரை அதிகாலையில் சரக்கு வரும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

பணத்தை வேலையின் கட்டங்களோடு பிணைத்துக் கொடுங்கள்: அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு பங்கு, பாதி உயரத்தில் ஒரு பங்கு, வடிகால் போட்டு முடித்து அதைப் படம் எடுத்த பின் ஒரு பங்கு. கடைசிப் பத்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒப்புக்கொள்ள மறுக்கிறவரை விட்டுவிட்டு வேறு ஆள் தேடுங்கள்.

7. எந்த மாதத்தில்?

ஜனவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுவுக்குள் முடியுங்கள். அதற்குப் பின் கோடை இடிமழை வந்துவிடும்; தொடர்ந்து தென்மேற்கு, பிறகு வடகிழக்கு. ஆனால் ஜனவரியில் காப்பிப் பழப் பறிப்பு இன்னும் முடிந்திருக்காது, அதன் பின்னாலேயே மிளகு. சித்தாள் கிடைப்பது கடினம். டிசம்பரிலேயே ஆள் பேசி முன்பணம் கொடுத்து வையுங்கள். அறுபதடிச் சுவருக்கு எனக்கு ஒன்பது வாரம் பிடித்தது.

8. வெட்டும்போது

உயிர் போகும் ஆபத்து உள்ள கட்டம் இது. சுவரின் முழு நீளத்துக்கும் சரிவை ஒரே நாளில் வெட்டித் திறந்து வைக்கவே கூடாது. பத்தடி வெட்டி, அடுத்த பத்தடியை விட்டு, அதற்கடுத்த பத்தடியை வெட்டுங்கள். வெட்டிய பகுதியில் கட்டு எழுந்த பிறகு விட்ட பகுதிக்கு வாருங்கள். ஜேசிபிக்காரருக்கு இது பிடிக்காது; ஒரே நாளில் முடித்துவிட்டுப் போகவே பார்ப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெட்டிய முகத்தைச் செங்குத்தாக விடாமல் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். மேகம் கூடினால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் மேல்விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒருவரையும் குழிக்குள் இறக்காதீர்கள். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து தள்ளிப் போடுங்கள். குழிக்குள் ஆள் இருக்கும்போது மேலே ஒருவர் நின்று கவனிக்க வேண்டும். அந்த ஒரு ஆள் கூலியில் கணக்குப் பார்க்காதீர்கள்.

9. கட்டும்போது

அஸ்திவாரம் புதுமண்ணில் நிற்கக் கூடாது. குறைந்தது மூன்றடி ஆழம், அல்லது உறுதியான தாய்ப்பாறை. பாறை சாய்வாக இருந்தால் படிபோல் கொத்தி உட்கார வையுங்கள். அடித்தளத்தைப் பின்பக்கமாகச் சற்றே சாய்த்தால் சுவர் வழுக்காது.

விழுந்த சுவரின் கற்களைப் பிரித்தபோது நான் கண்டதைச் சொல்கிறேன். முன்பக்கம் அழகாகக் கொத்திய கல் ஒரு வரிசை, பின்பக்கம் ஒரு வரிசை. நடுவில் கையளவு சில்லுக்கல்லும் செம்மண்ணும். கலவை வெளிப்பூச்சில் மட்டுமே இருந்தது. இரண்டு வரிசைகளையும் இணைக்கும் கல் ஒன்றுகூட இல்லை. பார்வைக்கு ஒரே சுவர், உண்மையில் இரண்டு மெல்லிய சுவர்கள். வயிறு தள்ளியது இதனால்தான்.

எனவே சுவரின் உள்ளே ஆழமாகக் குறுக்கே போகும் நீளக் கற்களை இரண்டடி உயரத்துக்கு ஒருமுறை, நான்கைந்து அடி இடைவெளியில் வைக்கச் சொல்லுங்கள். அவ்வளவு நீளக் கல் கிடைக்காவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இரண்டு கற்கள், அல்லது கான்கிரீட் துண்டுகள். இரண்டு மூன்று கல்லை அடியில் இணைத்தால் மேலே வரும் கல் அந்த இணைப்பை மூட வேண்டும். கல்லை வைத்ததும் நடு இடுக்குகளில் கலவையை நிரப்பி, அதற்குள் சில்லுக்கல்லைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். மாலையில் வேலை முடிந்ததும் ஒரு கம்பியை நடுவில் குத்திப் பாருங்கள். பொந்து இருந்தால் கம்பி சரேலென்று இறங்கும். நான் தினமும் குத்தினேன். மூன்றாம் நாள் முதல் மேஸ்திரி அவரே கம்பியோடு நின்றார்.

கான்கிரீட் சுவராக இருந்தால் ஒன்றை மட்டும் உங்கள் கண்ணால் பாருங்கள்: நிற்கும் சுவரின் முக்கியக் கம்பி மண் இருக்கும் பக்கம் வர வேண்டும். மண் தள்ளும்போது சுவர் முன்பக்கம் வளையப் பார்க்கும்; அப்போது இழுபடுவது பின்பக்கம். வீட்டு வேலைக்குப் பழகியவர்கள் இதை மாற்றி முன்பக்கம் கட்டிவிடுகிறார்கள். எம் 25 தரக் கான்கிரீட், மண்பக்கம் 50 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்), வார்க்கும் நாளில் கனசதுர மாதிரி எடுத்து 7, 28 நாள் சோதனை. கல்கட்டோ கான்கிரீட்டோ, குறைந்தது பத்து நாள் ஈரச்சாக்கு போட்டு நீராட்டுங்கள். மலைக்காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் மேற்பரப்பைச் சீக்கிரம் உலர்த்திவிடும்.

10. தண்ணீரை வெளியேற்றுவது

மற்ற எல்லாவற்றிலும் சற்றுச் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதீர்கள். மழை நாளில் ஏற்காடு மலைப்பாதையில் பஸ்ஸில் வரும்போது சன்னலோரம் உட்கார்ந்து சாலைச் சுவர்களைக் கவனியுங்கள். வரிசையாகத் துளைகள், வேலை செய்யும் ஒவ்வொரு துளையிலிருந்தும் நூல்போல் தண்ணீர். என் முதல் ஒப்பந்ததாரர் "துளை விட்டால் சுவரில் கறை படியும், அழகு கெடும்" என்று சொல்லி ஒன்றுகூட வைக்கவில்லை.

நான்கு அங்குலக் குழாய்கள், நான்கிலிருந்து ஐந்து அடிக்கு ஒன்று. ஒரு வரிசைக்கு மேல் அடுத்த வரிசை மாறி மாறி வர வேண்டும். கீழ் வரிசை முன்தரைக்கு அரையடி மேலே. குழாய் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். என் சுவரில் இரண்டு குழாய்கள் உட்பக்கம் சாய்ந்திருந்தன. கலவை காயும் முன் எடுத்து மாற்றினோம்.

குழாய் மட்டும் வைத்தால் ஒரே மழையில் மண் அடைத்துக்கொள்ளும். சுவரின் முதுகை ஒட்டி ஓரடி கனத்துக்கு 20, 40 மில்லிமீட்டர் ஜல்லி நிரப்பி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் என்ற வடிதுணியை விரியுங்கள். தண்ணீரை விடும், மண்ணை விடாது. சிமெண்ட் சாக்கைப் பிரித்துப் போட்டால் போதும் என்பார்கள், போதாது. சுவரின் அடியில், ஜல்லிக்குள், துளையிட்ட குழாய் ஒன்றைச் சாய்வாக ஓடவிட்டு இரு முனைகளிலும் வெளியே எடுங்கள். முதலில் கழி நட்டு வைத்தீர்களே, அந்த ஊற்றிலிருந்து தனிக் குழாய் வர வேண்டும்.

சுவருக்கு மேலே, சரிவிலிருந்து வரும் தண்ணீரைச் சுவரை அணுகும் முன்பே மடக்கிப் பக்கவாட்டில் கொண்டுபோக ஒரு சிமெண்ட் வாய்க்கால் போடுங்கள். கூரைத் தண்ணீர், சமையலறைத் தண்ணீர், கழிவுத்தொட்டியின் உறிஞ்சுகுழி, இவை எதுவும் சுவரின் பின்னால் இறங்கக் கூடாது. எங்கள் பழைய உறிஞ்சுகுழி சுவரிலிருந்து ஒன்பதடியில் இருந்தது. வருடம் முழுவதும் சுவரின் முதுகை நாங்களே நனைத்திருக்கிறோம்.

வெளியே வரும் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் முடிவு செய்யுங்கள். கீழ்த் தோட்டத்தின் மீது திறந்துவிட உங்களுக்கு உரிமை இல்லை. நான் கீழ்த் தோட்டத்து அம்மாவிடம் பேசி, அவருடைய எல்லையோரமாக என் செலவில் ஓடை வரை வாய்க்கால் வெட்டிக் கொடுத்தேன். இருவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்றும் இருக்கிறது.

11. மண் நிரப்புதல்

கட்டி முடித்து மூன்று வாரமாவது கழியட்டும். தோண்டிய களிமண்ணையே திரும்பப் போடாதீர்கள், அது தண்ணீரைக் குடித்து உப்பும். கிராவல் நல்லது. அரையடி அரையடியாகப் போட்டு, கையால் தள்ளும் அதிர்வு இயந்திரத்தால் இறுக்குங்கள். சுவருக்கு மூன்றடிக்குள் ஜேசிபியையோ ரோலரையோ விடாதீர்கள். கட்டிய அன்றே சுவரைச் சாய்த்த கதைகள் உண்டு. கடைசி ஓரடிக்கு மட்டும் களிமண் போட்டு, சுவரைவிட்டு விலகிச் சரியும்படி இறுக்கினால் மழைநீர் உள்ளே இறங்காது. மேலே வெட்டிவேர் நடுங்கள். பெருமரம் எதையும் சுவருக்கு அருகில் வைக்காதீர்கள்.

12. கட்டிய பின்

முதல் மழைக்காலம் முழுவதும் சுவரைக் கண்காணியுங்கள். நான் சுவரின் மேல்விளிம்பில் நான்கு இடங்களில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அதிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, கீழே நூலுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுகிறேன். முதல் நாள் அளவையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி மாறிக்கொண்டே போனால் பொறியாளரை அழைக்க வேண்டும். கனமழையில் ஒரு துளை மட்டும் வறண்டிருந்தால் அது அடைத்துவிட்டது, நீளக் கம்பியால் குத்தி விடுங்கள். துளையில் செந்நிறத் தண்ணீர் வந்தால் மண் கரைந்து வெளியேறுகிறது, வடிதுணி எங்கோ கிழிந்திருக்கிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

என் சுவரின் நான்கு ஆணிகளில் மூன்று அசையவில்லை. நான்காவது, பழைய குண்டுக்கல் கிடந்த பக்கம், முதல் இரண்டு மாதத்தில் நான்கு மில்லிமீட்டர் நகர்ந்து பிறகு நின்றுவிட்டது. இறுக்கிய மண் அமரும்போது இவ்வளவு வரலாம் என்கிறார் பொறியாளர். இருந்தாலும் அந்த ஆணியை மட்டும் நான் வாரம் ஒருமுறை அளக்கிறேன். நான் மலையேற முடியாத வாரங்களில் கீழ்த் தோட்டத்து அம்மா அளந்து தொலைபேசியில் சொல்கிறார்.